திண்டுக்கல்லுக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம்... சொந்த விமானத்தில் போய்வர முடியுமா?

திண்டுக்கல்லில் இருந்து வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்து பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். வான்வழியே சென்னை சுமார் 380 கி.மீ. பெங்களூரு சுமார் 290 கி.மீ. யாழ்ப்பாணமோ சுமார் 240 கி.மீ.தான். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன இந்த ஊர்க்காரர்களுக்கு, சொந்த மாநிலத்தின் தலைநகரைவிட அடுத்த நாட்டு நகரம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது.

ஆனால், மலைக்கோட்டையின் மேலே நின்று கிழக்கே பார்க்கும் யாரும் யாழ்ப்பாணத்தைப் பக்கத்து ஊராக நினைப்பதில்லை. திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. மதுரைக்கோ திருச்சிக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும். பாஸ்போர்ட், விசா, பரிசோதனை வரிசை என்று ஒரு நாளே போய்விடும்.

சரி, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்காரர் ஒருவரிடம் நான்கு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டும் லைசென்ஸும் இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போவதுபோல, குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய் நல்லூர் கந்தசாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் திரும்பிவிட முடியுமா?

முடியும். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. பறக்கும் நேரம் ஒரு மணிதான். அந்த ஒரு மணி நேரத்துக்கான காகிதங்களைச் சேர்ப்பதற்குத்தான் நாட்கணக்கில் ஆகும்.

வானத்துக்கு வேலி போட்டது யார்?

விமானம் கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், கடலைப்போல வானமும் எல்லோருக்கும் பொது என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். முதல் உலகப் போரில் தலைக்கு மேலிருந்து குண்டுகள் விழத் தொடங்கியதும் அந்த வாதம் அடங்கிப்போனது. ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலே இருக்கும் வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1919 பாரிஸ் ஒப்பந்தம் சொன்னது. 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் பிரிவே இதை மறுபடியும் உறுதி செய்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க விமானங்கள் பறப்பது அந்த ஒப்பந்தத்தின்படிதான்.

நிலம் மட்டுமல்ல, கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ. வரையிலான கடலுக்கு மேலே உள்ள வானமும் கரையோர நாட்டுக்கே சொந்தம். மனிதர்களுக்குக் குடியுரிமை இருப்பதுபோல விமானங்களுக்கும் உண்டு. இந்திய விமானம் என்றால் வாலருகே 'வி.டி' என்ற எழுத்துகள் இருக்கும். இலங்கை விமானம் என்றால் '4ஆர்'. எந்த நாட்டிலும் பதிவாகாத விமானம் எல்லை தாண்டிப் பறக்க முடியாது.

அதே பாதை... நடுவில் முளைத்த எல்லை!

வானத்து எல்லை எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு ஜே.ஆர்.டி. டாடாவின் இரண்டு பயணங்களைச் சொல்லலாம்.

ஆகா கான் அறிவித்த ஒரு போட்டி 1930-ல் நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு மாதத்துக்குள் தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு. கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. கிளம்பினார். இங்கிலாந்திலிருந்து 17 வயது ஆஸ்பி எஞ்சினியர் கிளம்பினார். இருவரும் எகிப்தின் அபுகிர் விமானத் தளத்தில் சந்தித்துக்கொண்டார்கள். ஆஸ்பியின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் கிடைக்காமல் அவர் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். போட்டியாளர் என்றும் பார்க்காமல் தன்னிடமிருந்த பிளக்குகளைக் கொடுத்து உதவினார் ஜே.ஆர்.டி. பரிசை ஜெயித்தது ஆஸ்பி! பின்னாளில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானவரும் அவரே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1932 அக்டோபர் 15 அன்று, தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குப் பறந்தார் ஜே.ஆர்.டி. ஒற்றை எஞ்சின் கொண்ட 'புஸ் மாத்' விமானம் அது. அங்கிருந்து தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். பிற்காலத்தில் ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் பயணம் அதுதான். கராச்சியும் பம்பாயும் அப்போது ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. நடுவில் எல்லை கிடையாது.

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதில் அதே பயணத்தை மறுபடியும் செய்து காட்டினார் ஜே.ஆர்.டி. இந்த முறை 'லெப்பர்ட் மாத்' விமானம். கராச்சியும் பம்பாயும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் இப்போது அவர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தார். இடையே மூன்று போர்கள் நடந்து முடிந்திருந்தன.

லண்டனிலிருந்து பம்பாய்... 27 மணி நேரம்!

சின்ன விமானத்தில் தேசம் விட்டு தேசம் தாண்டிய கதைகளில் தமிழ்நாட்டுக்குச் சொந்தமானது ஒன்று உண்டு. கேப்டன் வி.சுந்தரம், உஷா சுந்தரம் தம்பதியின் கதை அது.

சுந்தரம் 1916-ல் பிறந்தவர். மைசூர் மகாராஜாவின் டகோட்டா விமானத்தை ஓட்டியவர். நேரு, படேல் போன்ற தலைவர்கள் அவருடைய விமானத்தில் பயணம் செய்திருக்கிறார்கள். சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்க சர்தார் படேல் ஊர் ஊராகப் பறந்த நாட்களில், சுந்தரத்தோடு விமானி அறையில் இருந்தவர் அவருடைய மனைவி உஷா. பெங்களூரு ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் தேர்ச்சி பெற்ற உஷாவைத்தான், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று கொண்டாடுகிறார்கள்.

1950-ல் சென்னை மாகாண அரசு, 'டி ஹாவிலேண்ட் டவ்' என்ற விமானத்தை இங்கிலாந்திலிருந்து வாங்க முடிவு செய்தது. இரண்டு எஞ்சின்களும் சுமார் எட்டுப் பயணிகளுக்கான இடமும் கொண்ட சிறிய விமானம் அது. அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பச் சொல்லவில்லை. சுந்தரமும் உஷாவும் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். திரும்பும்போது அந்த விமானத்தைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தார்கள்!

லண்டன், பாரிஸ், பாக்தாத், கராச்சி, பம்பாய். மொத்தம் 7,000 கி.மீ-க்கு மேல். எடுத்துக்கொண்ட நேரம் 27 மணி. பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் இது அப்போது சாதனையாகப் பதிவானது. அப்போது உஷாவுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும்.

செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாத காலம் அது. வரைபடம், திசைகாட்டி, வானொலி, கீழே தெரியும் ஆறு, மலை, பாலைவனம் ஆகியவைதான் துணை. இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதிய அரசு, ஒரு புதிய சட்டம், ஒரு புதிய அதிகாரி. கராச்சியில் இறங்கியபோது, அந்த ஊர் வேறு நாடாகி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை எல்லைகளையும் 27 மணி நேரத்தில் தாண்ட விமானத்தின் வேகம் மட்டும் போதாது. போகிற இடமெல்லாம் காகிதங்களும் தயாராக இருந்திருக்க வேண்டும்.

சுந்தரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1959-ல் சென்னை மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்தார் அவர். அங்கே தொடங்கியதுதான் 'புளூ கிராஸ்'. தெருநாய்களுக்காக ஆம்புலன்ஸ் அனுப்பும் அந்த அமைப்பைத் தெரிந்த பலருக்கு, அதைத் தொடங்கிய தம்பதி உலகம் பாதியைக் குட்டி விமானத்தில் கடந்தவர்கள் என்பது தெரியாது.

மதுரையிலிருந்து பலாலி வரை... என்னென்ன வேண்டும்?

இப்போது திண்டுக்கல்காரரின் குட்டி விமானத்துக்கு வருவோம். உலகில் அதிகம் தயாரிக்கப்பட்ட நான்கு பேர் விமானம் 'செஸ்னா 172'. அதுதான் அவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

லைசென்ஸ்: தனியார் விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று, வானொலியில் பேசுவதற்கான தனி உரிமம், வெளிநாட்டுக்குப் பறக்க ஆங்கிலம் பேசும் திறனுக்கான சான்று எல்லாம் வேண்டும். இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு குடும்பத்தையும் நண்பர்களையும் அழைத்துப் போகலாம். யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது.

கிளம்பும் இடம்: நினைத்த இடத்திலிருந்து கிளம்பி எல்லை தாண்ட முடியாது. சுங்கமும் குடியேற்றப் பிரிவும் இருக்கும் விமான நிலையத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும், அப்படிப்பட்ட இடத்தில்தான் இறங்கவும் வேண்டும். திண்டுக்கல்லுக்கு அருகில் அந்த வசதி மதுரையிலும் திருச்சியிலும் இருக்கிறது. அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தை ஒட்டிய பலாலி.

அனுமதிகள்: இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. பலாலி, இலங்கை விமானப் படையின் தளமாகவும் இருப்பதால், முன்னறிவிப்பு இல்லாமல் அங்கே போய் இறங்க முடியாது. தனியார் விமானங்கள் வியாபார நோக்கமில்லாமல் பிற நாடுகளுக்குப் போய்வர சிகாகோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு இடம் தருகிறது. என்றாலும், நடைமுறையில் பல நாடுகள் முன் அனுமதி கேட்கின்றன.

விமானத்துக்குள் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்று, விமானியின் உரிமம், பயணப் பதிவேடு, வானொலிக் கருவிக்கான உரிமம், பயணிகளின் பெயர்ப் பட்டியல், சரக்கு இருந்தால் அதன் பட்டியல். பைக்குக்கு ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ் வைத்திருப்பதுபோலத்தான். ஒரு வித்தியாசம், இந்தப் பட்டியல் உலகம் முழுக்க ஒன்றே. இவற்றோடு, யார் வருகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள் என்று எழுதித்தரும் 'ஜெனரல் டிக்ளரேஷன்' என்ற படிவமும் உண்டு. உள்ளே இருப்பவர்களின் பாஸ்போர்ட், விசாவும் வேண்டும். சுங்கத்துறையின் கண்ணில் விமானமும் ஒரு பொருள்தான். போன விமானம் திரும்பி வந்ததா என்பதும் அவர்கள் கணக்கில் இருக்கும்.

பறக்கும் திட்டம்: எங்கிருந்து எங்கே, எந்த வழியில், எவ்வளவு உயரத்தில், எத்தனை மணிக்கு, எரிபொருள் எத்தனை மணி நேரத்துக்கு, உள்ளே எத்தனை பேர், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, எல்லாவற்றையும் எழுதித்தர வேண்டும். நேரத்தை இந்திய நேரத்தில் எழுதக் கூடாது, உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டும். காலை 8 மணிக்குக் கிளம்புபவர் 02.30 என்று எழுதுவார். சொன்ன நேரத்தைவிட அரை மணிக்கு மேல் தாமதமானால் திட்டத்தைத் திருத்த வேண்டும்.

வான் பாதுகாப்பு எண்: இந்தியாவில் மிக முக்கியமானது இதுதான். 'ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ்' என்ற அனுமதி எண். ரேடாரில் தெரியும் இந்தப் புள்ளி யார் என்று விமானப் படைக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காக. இந்த எண் கிடைக்காமல் எல்லையை நோக்கிப் பறக்க முடியாது.

எரிபொருள் இன்னொரு தலைவலி. பெரிய விமானங்கள் குடிப்பது ஒருவகை மண்ணெண்ணெய். செஸ்னா போன்ற பிஸ்டன் விமானங்களுக்கு வேண்டியது 'ஆவ்கேஸ்' என்ற தனிவகைப் பெட்ரோல். நிறைய விமான நிலையங்களில் அது கிடைக்காது. நெடுங்காலம் இறக்குமதியை நம்பியிருந்த இந்தியாவில், இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-ல்தான் அதை உள்நாட்டிலேயே தயாரித்து அறிமுகப்படுத்தியது. நல்லவேளையாக, டேங்க் நிரம்பிய செஸ்னா சுமார் ஐந்து மணி நேரம் பறக்கும். யாழ்ப்பாணம் போய்த் திரும்ப அது போதும்.

பதினைந்து நிமிடக் கடல்

மதுரையிலிருந்து பலாலி வான்வழியே சுமார் 220 கி.மீ. செஸ்னாவின் வேகமும் மணிக்கு ஏறக்குறைய அதேதான். நேராகப் போனால் ஒரு மணி நேரம். கடலுக்கு மேலே இருக்கும் நேரத்தைக் குறைக்க நினைக்கும் விமானி, கொஞ்சம் சுற்றி, கோடியக்கரை வழியாகப் போகலாம். கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடல் சுமார் 55 கி.மீ.தான். கால் மணி நேரத்தில் தாண்டிவிடலாம்.

ஒற்றை எஞ்சின் விமானிக்கு அந்தக் கால் மணி நேரம்தான் கணக்கு. எஞ்சின் நின்றால் விமானம் கல்போல விழுந்துவிடாது. பருந்துபோலச் சறுக்கிக்கொண்டே இறங்கும். 10,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால், காற்று இல்லாத நாளில் செஸ்னா சுமார் 27 கி.மீ. வரை சறுக்கும். 55 கி.மீ. கடலின் நட்டநடுவில் நின்றால், ஏதாவது ஒரு கரையை நூலிழையில் தொடலாம் அல்லது தொட முடியாமலும் போகலாம். 3,000 அடியில் பறந்தால் அந்த வாய்ப்பே கிடையாது. அதனால்தான் உயரத்தில் போவார்கள், லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில் வைக்காமல் உடம்பிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

நடுக்கடலில் கோடு எதுவும் தெரியாது. எல்லை வந்ததை விமானி தெரிந்துகொள்வது காதின் வழியாகத்தான். சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் குரல், "இனி கொழும்போடு பேசுங்கள்" என்று ஓர் அலைவரிசையைச் சொல்லிவிட்டு விடைபெறும். அலைவரிசையை மாற்றியதும் இன்னொரு நாட்டின் குரல் கேட்கும்.

காகிதம் இல்லாமல் போனவர்கள்

அனுமதியில்லாமல் எல்லை தாண்டினால் என்ன ஆகும்? உலகப் புகழ்பெற்ற உதாரணம், மத்தியாஸ் ரஸ்ட். மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த 18 வயதுப் பையன். 1987 மே 28 அன்று, ஹெல்சிங்கியிலிருந்து ஸ்டாக்ஹோம் போவதாகச் சொல்லிக் கிளம்பியவன், பாதி வழியில் திரும்பி, ஒரு செஸ்னா 172-ல் சோவியத் எல்லைக்குள் நுழைந்தான். மாஸ்கோவில் செஞ்சதுக்கத்தை ஒட்டி இறங்கினான்! அவனுக்கு நான்கு ஆண்டு தண்டனை கிடைத்தது, ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்துவிட்டு விடுதலையானான். சோவியத் பாதுகாப்பு அமைச்சரின் பதவி பறிபோனது.

இந்தியாவும் இப்படி ஏமாந்திருக்கிறது. டேனியல் வால்காட் என்ற அமெரிக்கர், 1962-ல் தன் விமானத்தில் தோட்டாக்களுடன் பிடிபட்டார். அவருடைய விமானம் டெல்லி சப்தர்ஜங் நிலையத்தில் முடக்கி வைக்கப்பட்டது. 1963 செப்டம்பரில் ஒருநாள், விமானத்தைப் பராமரிக்க வேண்டும் என்று உள்ளே போனவர், அப்படியே எஞ்சினைக் கிளப்பிப் பறந்துவிட்டார். விமானப் படையின் ஹண்டர் விமானங்கள் துரத்தின. அதற்குள் அவர் பாகிஸ்தானுக்குள் போய்விட்டார்.

சென்னையைத் தொட்டுச் சென்ற சம்பவமும் உண்டு. 1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தின் புருலியாவில் வானத்திலிருந்து ஏ.கே.47 துப்பாக்கிகள் மூட்டை மூட்டையாக விழுந்தன. தனியார் வாங்கியிருந்த 'ஏ.என்.26' விமானம் அவற்றைப் போட்டுவிட்டுத் தாய்லாந்துக்குப் போய்விட்டது. சில நாட்களில் அதே விமானம் இந்தியா வழியாகத் திரும்பியது. சென்னையில் இறங்கி எரிபொருளும் நிரப்பிக்கொண்டது! கராச்சியை நோக்கிப் போனபோதுதான் விமானப் படை அதை மறித்து பம்பாயில் இறக்கியது. பீட்டர் பிளீச் என்ற இங்கிலாந்துக்காரரும் விமான ஊழியர்கள் ஐந்து பேரும் கைதானார்கள். முக்கியப் புள்ளியான கிம் டேவி விமான நிலையத்திலிருந்தே நழுவிவிட்டார். அந்த விமானம் எல்லையைத் தாண்டியது திருட்டுத்தனமாக அல்ல. காகிதங்கள் இருந்தன. உள்ளே இருந்த சரக்குதான் காகிதத்தில் இல்லை. குட்டி விமானம் என்றாலும் இத்தனை கேள்விகள் ஏன் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

தவறுதலாக எல்லை தாண்டும் அப்பாவி விமானிக்கும் விதிகள் பாதுகாப்புத் தருகின்றன. 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறி வந்த கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அதன்பிறகு 1984-ல், பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்தின்மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்ற பிரிவு சிகாகோ ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. போர் விமானம் பக்கத்தில் வந்து இறக்கையை ஆட்டினால், "என் பின்னால் வா" என்று அர்த்தம். பதிலுக்கு நீங்களும் இறக்கையை ஆட்ட வேண்டும். பின்னாலேயே போக வேண்டும். 121.5 என்ற அவசர அலைவரிசையில் பேச வேண்டும். பயிற்சியிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் தனியார் விமானிகள் இந்தியாவில் மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரு விஷயம், சாட்டிலைட் போன். பல நாடுகளில் கடல் தாண்டும் விமானி பாதுகாப்புக்காக அதை வைத்திருப்பார். இங்கே அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

தோட்டனூத்திலிருந்து 240 கி.மீ.

பாக் நீரிணையைத் தாண்டுவது ஒருகாலத்தில் இத்தனை கடினமாக இருக்கவில்லை. சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பலில் கொழும்பு போன காலத்தில், அந்த ரயில் திண்டுக்கல் வழியாகத்தான் ஓடியது. 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது.

வானத்திலும் பாதை இருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று 'ஏர் சிலோன்' நிறுவனத்தின் முதல் பயணமே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். பிறகு யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிக்கும் இடையிலும் விமானம் ஓடியது. போர் வந்தது, பலாலி ராணுவத்தின் கைக்குப் போனது, வானத்துப் பாதை மூடிக்கொண்டது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் 30 அன்று திருச்சி - யாழ்ப்பாணம் விமானம் தொடங்கியது. திண்டுக்கல்லிலிருந்து சுமார் 100 கி.மீ. சாலையில் போனால் அந்த விமானத்தைப் பிடிக்கலாம். சொந்த விமானம் தேவையில்லை.

பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு இந்த வழி திறந்துவிட்டது. திண்டுக்கல் பக்கத்திலேயே, அது இன்னும் திறக்காத மனிதர்கள் இருக்கிறார்கள்.

திண்டுக்கல்லுக்கு அருகே தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அங்கே 321 வீடுகள் கட்டித் தரப்பட்டன. தகரக் கொட்டகைகளில் பல ஆண்டுகள் இருந்த குடும்பங்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இப்படி வாழ்பவர்களில் பலர், போர்க் காலத்தில் இரவோடு இரவாகப் படகேறி வந்தவர்கள். அவர்கள் கிளம்பிய கரையில் குடியேற்ற அதிகாரி இல்லை. வந்திறங்கிய கரையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த ஆள் இல்லை. குத்துவதற்குப் பலரிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. செஸ்னா விமானி நிரப்பித் தரும் அந்தப் பெயர்ப் பட்டியல் போன்ற ஒன்றில் அவர்கள் பெயர் எழுதப்படவே இல்லை.

அதனால், திரும்பிப் போக நினைத்தாலும் டிக்கெட் மட்டும் போதாது. இலங்கைத் தூதரகத்திடமிருந்து பயண ஆவணம் வேண்டும். இந்திய அரசிடமிருந்து வெளியேறும் அனுமதி வேண்டும். முகாமிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் பிறப்பைப் பதிவு செய்து, எந்த நாட்டுப் பிள்ளை என்று நிரூபிக்க வேண்டும். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அப்பா, அம்மா இருவரும் இலங்கையர் என்றால் பிள்ளைக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைப்பது கடினம்.

சொந்த ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவருக்கும் சிக்கல் உண்டு. போனால் திரும்பி வந்து, இங்கே பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகளோடு இருக்க முடியுமா என்பது நிச்சயமில்லை. பிறந்த மண்ணா, பிள்ளைகள் வளர்ந்த மண்ணா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுபோலத்தான் அது.

விமானத்தைக் கொண்டுபோகும் திண்டுக்கல்காரருக்கு நாட்கணக்கில் ஆகும் காகித வேலை, தோட்டனூத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. இருவருக்கும் தூரம் ஒன்றுதான், சுமார் 240 கி.மீ.

திருச்சியிலிருந்து கிளம்பும் யாழ்ப்பாண விமானம் கடலைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதில் தோட்டனூத்து தாத்தா, பாட்டி ஒருவர் பாஸ்போர்ட்டும் திரும்பி வரும் டிக்கெட்டுமாக ஏறி, ஊர்க்கோயிலைக் கும்பிட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளுக்குப் பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு திரும்பும் நாள் வர வேண்டும்.